களவுபோன கருமண்

ராய் ஆப்பிள்கார்த்தின் மனநிம்மதிக்கு விலை அறுபத்தோராயிரத்து நானூறு பவுன். விலை போட்டது உள்ளூர்க் கவுன்சில். திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் மொத்தமாகக் கட்டிவிட வேண்டும். தவணை கிடையாது, பேரம் கிடையாது, பழைய நிம்மதியைக் கொடுத்துவிட்டு மேலே போட்டுப் புதுசு வாங்கிக்கொள்ளும் திட்டமும் கிடையாது.

இப்படிக் கணக்குப் போட்டவன் கீத் ஸ்டாப்ஸ். வெகுகாலம் பழைய கார் விற்றவன். மைல் மீட்டரைப் பின்னோக்கி ஓடவைக்கும் வித்தையில் ஒருமுறை மாட்டிக்கொண்டான். மாட்டிவிட்டவர் ஹெஸ்டர் பாலிஸ்டர். அந்த நன்றிக்கடனுக்காக இப்போது அவரிடமே உதவியாளனாக இருக்கிறான். உதவி என்றால் கார் ஓட்டுவது, தேநீர் போடுவது, வாயை மூடவேண்டிய இடத்தில் திறப்பது.

ஹெஸ்டருக்கு வயது அறுபதை நெருங்குகிறது. துப்பறிய வருவதற்கு முன் ஏலக் கடையில் இருந்தார். செத்தவர்களின் வீடுகளுக்குப் போய் மேசை நாற்காலிக்கெல்லாம் விலை குறிப்பது வேலை. ஒரு அறைக்குள் நுழைந்தால் அங்கே இருப்பதை மற்றவர்கள் பார்ப்பார்கள். எதை மருமகன் முன்னாடியே தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்று ஹெஸ்டர் பார்ப்பார்.

வெள்ளிக்கிழமை காலை இருவரும் ஹெட்டன்ஷா கிராமத்தில், ராயின் மனையில் நின்றார்கள். பாதி எழும்பிய செங்கல் வீடு ஒன்று, கூரையில்லாமல், வட இங்கிலாந்தின் டர்ஹம் மாவட்டத்து மழையை வாய் திறந்து குடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு வீட்டுவண்டி. பஸ் ஓட்டும் ராயும், ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் வேலை செய்யும் அவன் மனைவி ஜாக்கியும் அந்த வண்டிக்குள்தான் குடித்தனம். ஓய்வு நாட்களில் ராய் செங்கல் வைப்பான், ஜாக்கி கலவை கலப்பாள்.

விஷயம் இதுதான். இந்தக் கவுன்சில் எல்லையில் புது வீடு கட்டினால் சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று வளர்ச்சி வரி உண்டு. தானே கட்டித் தானே குடியிருப்பவருக்கு முழு விலக்கும் உண்டு. ஆனால் விலக்குக் கடிதம் வருவதற்கு முன் அந்த மனையில் வேலை தொடங்கியிருக்கக் கூடாது. ராய்க்குக் கடிதம் வந்தது ஜூனில். வேலை தொடங்கியது அதற்குப் பிறகு. ஆனால் ஏப்ரலிலேயே வேலியோரம் குழாய் பதித்து ஒரு வாய்க்கால் வெட்டப்பட்டிருந்தது என்று கவுன்சிலின் கோப்பில், யாரோ அனுப்பிய படத்தோடு, ஒரு குறிப்பு இருந்தது. யாரோ மேலதிகாரி ஆகஸ்டில் கோப்புகளைச் சரிபார்த்தபோது அந்தக் குறிப்பும் ஜூன் கடிதமும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. விலக்கு ரத்து. முழு வரியும் உடனே கட்ட வேண்டும்.

"அந்தக் குழிய நாங்க வெட்டலைங்க," என்றாள் ஜாக்கி, நூறாவது தடவையாகச் சொல்கிறவளின் குரலில். "ஏப்ரல்ல நாங்க இந்தப் பக்கமே வரல. திங்கக்கிழமை பணம் கட்டலைன்னா பேங்க்காரன் கடனை நிறுத்திருவான். கூரையில்லாத வீட்டை எவன் வாங்குவான்?"

"நான் வாங்குவேன்," என்றான் கீத். "அடிமாட்டு விலைக்கு."

"கீத்," என்றார் ஹெஸ்டர்.

"சும்மா ஆறுதலுக்குச் சொன்னேன் பாஸ்."

அந்த ஏப்ரல் குறிப்பை எழுதிய அதிகாரியையும் ஹெஸ்டர் வரச்சொல்லியிருந்தார். மால்கம் ரெய்ன், வரிப் பிரிவு. ஐம்பது வயது, மழைக்கோட்டு, முகம் தெரியும் அளவுக்குப் பாலிஷ் போட்ட ஷூ, கெட்ட செய்தி சொல்ல வந்த நல்ல மனிதரின் சங்கடம். ஜாக்கி நீட்டிய தேநீரை அவர் வாங்கிக்கொண்டார், ஆனால் அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

எல்லோரும் வேலியோரக் குழிக்குப் போனார்கள். நீளமான, இடுப்பளவு ஆழமான வாய்க்கால். ராய் உள்ளே குதித்தான். கீத் குதித்தான். ஹெஸ்டர் ரப்பர் பூட்ஸோடு நிதானமாக இறங்கினார். மால்கம் மட்டும் இறங்கவில்லை. கரையையும் மிதிக்கவில்லை. புல்மேலேயே ஒரு முழுச் சுற்று சுற்றி அந்தப் பக்கம் போய் நின்றார்.

"ஷூவுக்கு வளர்ச்சி வரி போட்டுருவாங்கன்னு பயப்படறாரு," என்று முணுமுணுத்தான் கீத்.

"மிஸ்டர் ரெய்ன், இது எதுக்கு வெட்டின வாய்க்கால்?" என்று கேட்டார் ஹெஸ்டர்.

"கழிவுநீருக்கு மேடம். அடியில மண்குழாய் இருக்கு பாருங்க."

"கழிவுநீர் வீட்ல புறப்பட்டு ரோட்டுக்குப் போகணும். இது வேலியில புறப்பட்டு வேலிக்கே போகுது?"

மால்கம் தொண்டையைச் செருமினார். "பாதியில விட்டிருக்கலாம். எனக்கு வருத்தமாத்தான் இருக்கு மேடம். ஆனா கோப்புல ஏறினது ஏறினதுதான். மாத்தி நிரூபிக்க ஆதாரம் இருந்தா திங்கக்கிழமைக்குள்ள குடுங்க." பேசிக்கொண்டே குனிந்து, கரையில் ஊர்ந்த ஓடில்லா நத்தை ஒன்றை இரண்டு விரலால் எடுத்துக் கீழே போட்டு, பளபளக்கும் ஷூவால் ஒரு நசுக்கு நசுக்கினார். பிறகுதான் என்ன செய்தோம் என்று பார்த்தவர்போலக் கைக்குட்டையை எடுத்தார். "நாளைக்கு ஒரு முக்கியமான வேலை இருக்கு. நான் கிளம்பறேன்."

அவர் கார் திரும்பி மறைந்ததும் ஹெஸ்டர் குழிக்குள்ளேயே நின்றுகொண்டு கேட்டார்: "கீத், இந்தக் குழியில என்ன இல்ல?"

"கதவு, ஜன்னல், வெந்நீர்."

"மண் இல்ல."

"குழின்னாலே மண்ணு இல்லாத இடந்தானே பாஸ்?"

"வெட்டின மண் எங்க போச்சு?"

கீத் சுற்றிப் பார்த்தான். மனை முழுக்க மண்குவியல்தான். எல்லாம் ராய் அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மஞ்சள் களிமண். ஹெஸ்டர் குழியின் பக்கச் சுவரை நகத்தால் சுரண்டிக் காட்டினார். மஞ்சள் களிமண்ணுக்கு மேல், கேக்கின் ஓரத்தில் ஒட்டிய சாக்லெட்போல, கன்னங்கரேலென்று ஒரு பூச்சு. முகர்ந்தால் புகைக்கரியும் புறா எச்சமும் புளித்த பியரும் கலந்த வாடை.

"இந்தக் கருமண்ணுல ஒரு குவியல்கூட இங்க இல்ல. ராய், மண்ணை அள்ளிட்டுப் போக லாரிக்காரனுக்கு எவ்வளவு குடுத்தீங்க?"

"லோடுக்கு இருநூறு பவுன்," என்றான் ராய். "கொள்ளை."

"பாத்துக்க கீத். மண்ணைக் கொண்டுபோறதுக்கு ஊர்ல காசு வாங்கறாங்க. ஒருத்தன் மட்டும் சொல்லாம கொள்ளாம ஓசியா அள்ளிட்டுப் போயிருக்கான். சேத்தைத் திருடற திருடன் யாரு?"

கீத் இந்த மண்ணில் பிறந்தவன். ஒரு கணம் வாயைப் பிளந்தான். பிறகு தலையில் அடித்துக்கொண்டான். "லீக்ஸ்!"

ராய் வெளியூர், லீட்ஸ் நகரத்துக்காரன். விழித்தான். கீத்துக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இந்தச் சுரங்கக் கிராமங்களில் ஒரு ஆண்பிள்ளை பெண்டாட்டியை நேசிப்பான், நாயை நேசிப்பான், அதற்கெல்லாம் மேலே லீக்ஸை நேசிப்பான். வெங்காயத்தாளுக்குப் பெரியண்ணன் மாதிரி ஒரு தண்டு. செப்டம்பர் போட்டிக்கு வரும்போது குழந்தையின் தொடைப் பருமன் இருக்கும். அதற்கு ஆழமாக வாய்க்கால் வெட்டி, தண்ணீர் தேங்காமலிருக்க அடியில் மண்குழாய் பதித்து, புகைக்கரியும் புறா எச்சமும் பியரும் இன்னும் வெளியே சொல்லக்கூடாத பலதும் ஊட்டி, வருஷக்கணக்கில் ஒரு மண்ணை வளர்ப்பார்கள். அந்த மண்ணின் கலவையைப் பிரசவ அறையில்கூடப் பெண்டாட்டிக்குச் சொல்லமாட்டார்கள்.

"அப்ப இது வேற எவனோட காய்கறிப் பாத்தியா?" ராயின் குரல் எகிறியது. "காய்கறிப் பாத்திக்கா நான் அறுபத்தோராயிரம் கட்டணும்?"

"பாத்தி வெட்டினா கட்டட வேலை ஆகாது. ஆனா அது யாரோட பாத்தின்னு அவரே வந்து சொல்லணும்," என்றார் ஹெஸ்டர். "முதல்ல, ஏப்ரல்ல கவுன்சிலுக்குப் படம் அனுப்பினது யாரு?"

ஜாக்கி அடுத்த வீட்டை நோக்கி முகவாயைத் தூக்கிக் காட்டினாள்.

அடுத்த வீட்டு நார்மா பெல் தோட்டத்தில்தான் இருந்தாள். எழுபது வயது, காலரில் முத்துப் பொத்தான், கையில் தூசி உறிஞ்சும் இயந்திரம். புல்தரையை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். கீத் உற்றுப் பார்த்தான். புல் பிளாஸ்டிக். ஜன்னலோரத்து ஜெரானியமும் பிளாஸ்டிக். பூந்தொட்டியின் அருகில் உட்கார்ந்திருந்த பூனை மட்டும், அது கொட்டாவி விட்டதால், அசல் என்று தெரிந்தது.

"பாஸ், இந்தம்மா மண்ணைத் திருடியிருக்க மாட்டாங்க," என்று அவன் ஹெஸ்டரின் காதில் சொன்னான். "மண்ணு இவங்க வீட்டுப் படியேறினா போலீஸைக் கூப்பிடுவாங்க."

"ஆமா கண்ணு, நாந்தான் அனுப்பினேன்," என்றாள் நார்மா, படத்தைப் பற்றிக் கேட்டதும், எந்த வெட்கமும் இல்லாமல். "பக்கத்து மனையில குழி வெட்டினா அனுப்பாம? குப்பைத்தொட்டியை ஒரு நாள் முன்னாடி வெளிய வெச்சாலே நான் அனுப்புவேன். இந்தத் தெரு ஒழுங்கா இருக்குன்னா சும்மாவா இருக்கு?"

"வெட்டினவரைப் பாத்தீங்களா?"

"வெட்டினதைப் பாக்கல. அள்ளினதைப் பாத்தேன். மே மாசம், விடிஞ்சும் விடியாம, மழையில. தலைக்கு மேல சாக்கைப் போத்திக்கிட்டு ஒருத்தன் தள்ளுவண்டியில மண்ணை ஏத்திக்கிட்டுப் போறான். சக்கரம் கீச்சு கீச்சுன்னு அப்படி ஒரு சத்தம். பன்னிக்குட்டிய மிதிச்ச மாதிரி. நாலு நாள் தூக்கமே இல்ல. ராய் வெச்ச கூலியாளுன்னு நெனச்சேன்."

"அதுக்கும் புகார் அனுப்பினீங்களா?"

"என்ன கேள்வி இது? நான் எல்லாத்தையும் மால்கம்முக்குத்தான் அனுப்புவேன். அவன் பிரிவோ இல்லையோ, அனுப்பிருவேன். தங்கமான பிள்ளை. மறுநாளே பதில் வந்துரும். 'அன்புள்ள திருமதி பெல், தங்கள் அக்கறைக்கு நன்றி'ன்னு." நார்மாவின் முகம் சற்று வாடியது. "அந்தத் தள்ளுவண்டிப் புகாருக்கு மட்டும் இன்னைக்கு வரைக்கும் பதில் இல்ல. அவனுக்கு என்மேல ஏதாச்சும் கோவமா இருக்குமோ, கண்ணு?"

ஹெஸ்டர் அந்தக் கிழவியின் கையை அன்போடு தட்டிக்கொடுத்தார். "உங்க மேல இல்லம்மா."

காரில் ஏறியும் ஹெஸ்டர் சிரிப்பதைப் பார்த்துக் கீத் பொறுக்கமாட்டாமல் கேட்டான். "கடிதம் தபால்ல தொலைஞ்சிருக்கும். இதுக்குப் போய் இப்படிச் சிரிக்கறீங்க?"

"காலையில ராய் அந்தக் குழிக்குள்ள எப்படி இறங்கினான்?"

"குதிச்சான்."

"நீ?"

"குதிச்சேன்."

"மால்கம்?"

"ஷூ அழுக்காயிடும்னு புல்மேலயே சுத்திப் போனாரு."

"ஷூ அழுக்காயிடும்னு நினைக்கறவரு அதே ஷூவால நத்தையை நசுக்குவாரா? காலியாக் கிடக்கற குழிக்கரையில நத்தை ஊர்ந்தா உனக்கென்ன, எனக்கென்ன? பாத்திய மிதிக்கக்கூடாது, நத்தையைக் கண்டா விடக்கூடாதுங்கறது அவரு மூளைக்கு முன்னாடி அவரு கைகாலுக்குத் தெரியுது."

கீத் காரைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தான். "வரி போட்ட ஆளே குழி வெட்டின ஆளா? பாஸ், கார் யாவாரத்துலகூட நாங்க இவ்வளவு தூரம் போனதில்ல."

"சந்தேகத்தை வெச்சுக்கிட்டு திங்கக்கிழமை ஒண்ணும் பண்ண முடியாது. அவரு வாயால வரணும். நாளைக்கு இந்த ஊர் கிளப்புல லீக்ஸ் போட்டி. நான் ஒரு பொய் சொல்லப்போறேன். நீ மூஞ்சியை ஒழுங்கா வெச்சுக்கணும்."

"பழைய கார் வித்த மூஞ்சி பாஸ். கவலைய விடுங்க."

சனிக்கிழமை மத்தியானம் தொழிலாளர் கிளப்பில் நிற்க இடமில்லை. நீள மேசைகளில் கறுப்புத் துணி விரித்து, லீக்ஸை ஜோடி ஜோடியாகக் கிடத்தியிருந்தார்கள். வேர்முடி சீவி, பால் வைத்துத் துடைத்து, குளிப்பாட்டிய சிசுக்களைப் போலிருந்தன. நடுவர்கள் அளவுகோலோடு குனிந்து குனிந்து நகர்ந்தார்கள். பார்வையாளர்கள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினார்கள். பங்குத்தந்தையின் பிரசங்கத்துக்குக்கூட அந்த மரியாதை கிடைத்ததில்லை. சுவரில் மாட்டியிருந்த விதிகளில் முதல் விதி எல்லோருக்கும் மனப்பாடம்: போட்டியாளர் தன் சொந்த நிலத்தில் வளர்த்ததாக இருக்க வேண்டும்.

கடைசி மேசையின் தலைமாட்டில் கிடந்த ஜோடிதான் ஜெயிக்கும் என்று கண்ணிருந்தவர்களுக்கெல்லாம் தெரிந்தது. பக்கத்தில், நல்ல சூட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து, தொடப்படாத ஒரு பியரோடு மால்கம் ரெய்ன் நின்றார். ஏழு வருஷமாக அவர்தான் சாம்பியன் என்று கீத்துக்குப் பக்கத்தில் நின்றவர் சொன்னார். பொறாமையில் அல்ல, பக்தியில்.

ஹெஸ்டர் மதுக்கூடத்தின் மேடைமேல் முழங்கையை ஊன்றி, பியர் ஊற்றுகிறவளிடம் ஊருக்கே கேட்கும்படி பேசினார். "ஆப்பிள்கார்த் மனை கேஸ்ல நான் கைய விரிச்சுட்டேன் கண்ணு. வேலியோரத்துல ஒரு பழைய பாத்தி இருந்துதாம். அந்தக் கருமண்ணை எடுத்து சோதனைக்கு அனுப்பினோம். என்ன வந்துதுன்னு நெனக்கற? வெள்ளை அழுகல்."

பேச்சு அறுந்தது. வெள்ளை அழுகல் என்றால் லீக்ஸ்காரனுக்கு பிளேக். ஒரு பிடி மண்ணில் இருந்தால் போதும், தோட்டம் முழுக்கப் பரவும். இருபது வருஷத்துக்கு அங்கே வெங்காயக் குடும்பத்தில் எதுவும் பிழைக்காது.

"யாரோட பாத்தியோ, பாவம்," என்றார் ஒருவர்.

"நல்லவேளை, அங்க இப்ப பயிர் இல்ல," என்றார் இன்னொருவர். பெருமூச்சு விட்டார்கள், தலையை ஆட்டினார்கள், கோப்பைகளை மறுபடி உயர்த்தினார்கள். கீத் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தான். எல்லாம் அடுத்தவன் வீட்டு இழவுக்கு வந்த முகங்கள். ஒரே ஒரு முகம் மட்டும் இழவு வீட்டுக்காரனுடையது.

மால்கம் பியரை அப்படியே மேசைமேல் வைத்தார். தவறான இடத்தில், விளிம்பில் வைத்தார். பரிசு அறிவிக்கச் செயலாளர் ஒலிபெருக்கியைத் தட்டிக்கொண்டிருந்தபோது அவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கதவை நோக்கி ஓடினார்.

கீழே விழப்போன கோப்பையைக் கீத் பிடித்தான். "கோப்பை வாங்கற நேரத்துல கோப்பையை விட்டுட்டு ஓடறாரே."

"அதை வெச்சுட்டு வா," என்றார் ஹெஸ்டர்.

மால்கமின் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். பின்பக்கக் கதவு திறந்தே கிடந்தது. சின்னத் தோட்டம். நடுவில் புத்தம்புதுப் பலகை அடித்த பாத்தி, நிறையக் கன்னங்கரிய மண். வரிப் பிரிவு அதிகாரி சூட்டோடு அதில் மண்டியிட்டு, மிச்சமிருந்த லீக்ஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, வேரைக் கண்ணுக்கருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்துப்பட்டி மண்ணில் புரண்டது. வந்தவர்களை அவர் கவனிக்கவேயில்லை.

சுவரில் சாய்த்திருந்த தள்ளுவண்டியைக் கீத் நிமிர்த்தி ஒரு அடி தள்ளினான். கீச்ச்.

மால்கம் திரும்பினார்.

"நோய் எதுவும் இல்ல மிஸ்டர் ரெய்ன்," என்றார் ஹெஸ்டர். "நான் சொன்னது பொய்."

"இல்லையா? நிஜமா இல்லையா?" அவர் இரண்டு கையாலும் மண்ணை அள்ளி மடியில் போட்டுக்கொண்டார். சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. "கடவுளே! நன்றி மேடம், ரொம்ப நன்றி." அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அவர் கையிலிருந்த மண்ணைப் பார்த்தார், ஹெஸ்டரைப் பார்த்தார், தள்ளுவண்டியைப் பார்த்தார். சிரிப்பு ஒவ்வொரு பல்லாக மறைந்தது.

"என் மண்ணு மேடம்," என்றார் கடைசியில். "நிலம் மட்டுந்தான் அடுத்தவங்களோடது. அந்த மனைக்காரக் கிழவரு, கொட்டகைக்குப் பின்னாடி யாருக்கும் தெரியாம, கைகுலுக்கிக் குடுத்த இடம். என் வீட்டுத் தோட்டத்துல வெயில் சரியா விழாது. கிழவரு செத்ததும் மக கொட்டகையைப் பிரிச்சு மனையை வித்துட்டா. வாங்கினவங்க அடுத்த வருஷந்தான் கட்டுவாங்கன்னு நெனச்சு ஏப்ரல்ல புதுசா வாய்க்கா வெட்டினேன். ரெண்டாம் நாளே திருமதி பெல் எடுத்த படம் என் மேசைக்கே வந்துது."

"போய்ப் பாக்க வேண்டியவரும் நீங்கதான்."

"என்ன எழுதறது? லீக்ஸ் பாத்தின்னு எழுதினா யாரோடதுன்னு கேப்பாங்க. கிளப்புக்குத் தெரிஞ்சா சொந்த நிலம் இல்லைன்னு ஏழு வருஷக் கோப்பையும் போச்சு. 'கழிவுநீர் வாய்க்கால், மேல்நடவடிக்கை தேவையில்லை'ன்னு ஒரு குறிப்பு எழுதி ஃபைலை மூடினேன். யாருக்கும் கெடுதல் இல்லைன்னுதான் நெனச்சேன். அப்புறம் மண்ணை இங்க கொண்டாந்துட்டேன். ஜூன்ல அவங்க விலக்குக் கேட்டப்ப நாந்தான் சந்தோஷமாக் கையெழுத்துப் போட்டேன். ஆகஸ்ட்ல மேலதிகாரி ரெண்டையும் ஒண்ணா எடுத்துப் பாப்பாருன்னு யாரு கண்டா?"

"அப்பவாவது சொல்லியிருக்கலாமே சார்," என்றான் கீத். அவன் குரலில் கேலி இல்லை. அதுவே அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"தினமும் நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன்."

"உங்க நாளைக்கு திங்கக்கிழமையோட முடியுது," என்றார் ஹெஸ்டர். "அவங்களுக்கு வீடு போகுது. உங்களுக்கு என்ன போகும்?"

"கோப்பை போகும். வேலையும் போகலாம்." மால்கம் எழுந்து முழங்காலைத் தட்டினார். தட்டிய மண்ணைப் பாத்திக்குள்ளேயே விழும்படி தட்டினார். "உள்ள வாங்க. எழுதிடறேன்."

சமையலறை மேசையில் உட்கார்ந்து அவர் மேலதிகாரிக்கு மின்னஞ்சல் எழுதினார். ஒன்றையும் மழுப்பவில்லை: குழி தன்னுடையது, ஏப்ரல் குறிப்பு பொய், ஆப்பிள்கார்த் தம்பதிமேல் தவறில்லை. அனுப்பிவிட்டுக் கிளப்புக்குப் போன் செய்து, இந்த வருஷ ஜோடி சொந்த நிலத்தில் வளர்ந்தது, முந்தைய ஏழும் அப்படியில்லை, கோப்பைகளைத் திங்கட்கிழமை கொண்டுவந்து தருகிறேன் என்றார். மறுமுனையில் செயலாளர், யாராவது செத்துப்போய்விட்டார்களா என்று கேட்டார்.

ஹெஸ்டர் வரச்சொன்ன ராயும் ஜாக்கியும் வந்து சேர்ந்தபோது மேலதிகாரியின் போன் வந்திருந்தது. வரியை ரத்து செய்யும் கடிதம் திங்கட்கிழமை காலை போகும். மால்கம் ஒன்பது மணிக்கு அவர் அறைக்குப் போக வேண்டும், தனியாக.

எல்லாவற்றையும் மால்கமே தன் வாயால் சொன்னார். ராயின் முஷ்டி இறுகியது. "ஏய்யா, என் பொண்டாட்டி ஆறு வாரமா அழுதிருக்கா. அவ கையால டீ வாங்கிக் குடிச்சியே நேத்து!"

"குடிச்சேன்," என்றார் மால்கம். "அடிக்கறதுன்னா அடிங்க. பாத்திய மட்டும் மிதிச்சுடாதீங்க."

ஜாக்கிதான் முதலில் சிரித்தாள். நாற்காலியில் சரிந்து, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்றைச் சிரித்தாள். "போச்சு ராய். அறுபத்தோராயிரமும் போச்சு. கூரை போடலாம்!"

ராயின் முஷ்டி தளர்ந்தது. கீத் கெட்டிலைப் போட எழுந்தான்.

"ஒரே ஒரு கேள்வி," என்றார் மால்கம். எல்லோரும் திரும்பினார்கள். அவர் முகத்தில் பழைய சங்கடம் மறுபடி குடியேறியிருந்தது. "இனிமே எதையும் மறைக்க மாட்டேன்னு இப்பத்தான் எழுதிக் குடுத்திருக்கேன். அதனால கேக்கறேன். ஜூன்ல விலக்கு வந்தப்புறம், அஸ்திவாரம் தோண்டறதுக்கு முன்னாடி, வேலை ஆரம்பிக்கறோம்னு அறிவிப்புக் குடுத்தீங்களா?"

"குடுத்தோமே," என்றான் ராய். "கட்டட ஆய்வாளருக்கு முன்னாடியே சொன்னோம். அவரும் வந்தாரு, அஸ்திவாரத்தைப் பாத்தாரு, ஜாக்கி போட்ட பன்றிக்கறி சாண்ட்விச்சு ரெண்டு சாப்பிட்டாரு."

மால்கம் கண்ணை மூடினார். "அது ஆய்வுப் பிரிவு. வரிப் பிரிவுக்குத் தனியாக் குடுக்கணும்."

"ரெண்டும் ஒரே கட்டடந்தானேய்யா!"

"எதிரெதிர்க் கதவு."

"அவரு உங்ககிட்ட சொல்ல மாட்டாரா?"

"நாங்க பேசிக்கறதில்ல. போன மாசம் முழு வரியும் போட்டாச்சுன்னு இதை யாரும் பாக்கல. விலக்கு திரும்பக் கிடைச்சா, பாத்துத்தான் ஆகணும். விலக்கு போகாது, பயப்படாதீங்க. அபராதம் மட்டுந்தான். வரியில அஞ்சுல ஒரு பங்கு, இல்லைன்னா ரெண்டாயிரத்து ஐநூறு. எது கம்மியோ அது."

"கவுன்சில் வாயிலேருந்து 'எது கம்மியோ'ன்னு கேட்டதே ஒரு பாக்கியம்," என்றான் கீத். யாரும் சிரிக்கவில்லை. அவன் ஹெஸ்டரிடம் குனிந்தான். "பாஸ், இதை மட்டும் கொஞ்சம் கண்டுக்காம விடச்சொல்லுங்களேன்."

ஹெஸ்டர் மால்கமைப் பார்த்தார். பிறகு கீத்தைப் பார்த்தார். "ஒரு மணி நேரம் முன்னாடி இந்த மனுஷனைப் பொய் சொல்லாதேன்னு மிரட்டினது யாரு?"

"நீங்க."

"அவரு நல்லா கத்துக்கிட்டாரு."

ராய் எதையோ சொல்ல வாயெடுத்தான். ஜாக்கி அவன் முழங்கையைப் பிடித்தாள். "விடு. அறுபத்தோராயிரத்துக்கு அழுதவ ரெண்டாயிரத்து ஐநூறுக்கும் அழுதா, முன்னாடி அழுத அழுகைக்கு மரியாதை இருக்காது. சமையலறைக் கதவை அடுத்த வருஷம் வாங்கிக்கலாம்." அவள் மால்கமிடம் திரும்பினாள். "அந்த அறிவிப்பு எப்படி எழுதணும்? இப்பவே சொல்லிக் குடு. இன்னொண்ணு பாக்கி இருந்தா அதையும் சொல்லிரு."

"வீடு முடிஞ்சதும் ஆறு மாசத்துக்குள்ள இன்னும் சில காகிதம் குடுக்கணும்," என்றார் மால்கம். "நான் வேலையில இல்லைன்னாலும் வந்து நிரப்பித் தரேன்."

திரும்பும் வழியில் மழை விட்டிருந்தது. கீத் காரை ஓட்டிக்கொண்டே உரக்கக் கணக்குப் போட்டான், ஹெஸ்டர் ஜன்னலில் தலைசாய்த்துக் கேட்டுக்கொண்டு வந்தார். கவுன்சில் ராயிடம் கேட்டது அறுபத்தோராயிரத்து நானூறு. விட்டுக்கொடுத்தது அறுபத்தோராயிரத்து நானூறு. மால்கம் இழந்தது ஏழு கோப்பை, ஒருவேளை ஒரு உத்தியோகம். அதற்கு விலை போட ஹெஸ்டர் மறுத்துவிட்டார். ஹெஸ்டரின் கூலி நானூற்றைம்பது; ராய் தந்த முன்பணம் ஐம்பது. ஆக ராய் இன்னும் தரவேண்டியது, கவுன்சிலுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு, ஹெஸ்டருக்கு நானூறு. இரண்டில் எது முதலில் கட்டப்படும் என்பதில் கீத்துக்குச் சந்தேகமே இல்லை. கவுன்சில் வட்டி போடும்.